கிள்ளான் பள்ளத்தாக்கில் கித்தார்

நரம்புக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் மனிதர் நடந்த வழிகளின் வரலாறேயாகும். பாணர் தம் யாழைத் தோளிற் சுமந்து வள்ளல்களை நாடிச் சென்ற நெறிகளைப் பத்துப்பாட்டின் ஆற்றுப்படை நூல்கள் விரித்துரைக்கின்றன. கருவி தன்னைச் சுமந்தவனுடன் சென்றது; சென்ற ஊரின் பாட்டைக் கற்றது; தன் பாட்டை அவ்வூர்க்குக் கற்பித்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், மலேசியத் தலைநகராகிய கோலாலம்பூரிலும், அதனைச் சூழ்ந்து கிள்ளான் வரை பரந்து கிடக்கும் பள்ளத்தாக்கிலும், இளைஞர் தோளில் ஏறிய கருவி கித்தார் ஆகும்.

மலேசியத் தமிழர் ரப்பர் மரத்தைக் ‘கித்தா’ என்று வழங்குவர். ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு அது. கித்தா மரம் சீவிய தலைமுறைக்குப் பின்வந்தது கித்தார் மீட்டிய தலைமுறை. ஒலியால் ஒத்த இவ்விரு சொற்களுக்கும் பொருளால் உறவில்லை. எனினும் தோட்டத்திலிருந்து நகரத்திற்கு வந்த ஒரு மக்களின் பாதையை அவை இரு முனைகளாக நின்று காட்டுகின்றன.

இக்கருவியில் அவ்விளைஞர் பயின்றவை பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1960, 1970ஆம் ஆண்டுகளில் எழுந்த ராக் பாடல்கள். பயின்ற கருவியோ, மின்விசை வேண்டாது மரக்கூட்டின் முழக்கத்தாலேயே ஒலிக்கும், அக்கூஸ்டிக் எனப்பெறும் மரக் கித்தார். ஆசிரியர் இன்றியும் ஏடு இன்றியும் நடைபெற்ற அக்கல்வி எத்தகையது? அதனால் தமிழர்க்குக் கிட்டியது யாது? கிட்டாமற் போனது யாது? இவ்வினாக்கள் தமிழ் கற்பிப்போரும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

கருவி வந்த வழி

கித்தார் என்னும் பெயர் பண்டைக் கிரேக்கரின் ‘கிதாரா’ என்னும் நரம்புக் கருவியின் பெயரோடு தொடர்புடையது. ஸ்பெயின் நாட்டில் 16ஆம் நூற்றாண்டில் இதனையொத்த ‘விகுவேலா’ என்னும் கருவி பெருவழக்குற்றிருந்தது. அதற்கென லூயிஸ் மிலான் என்பவர் 1536ஆம் ஆண்டில் வலென்சியா நகரில் ஒரு நூலை அச்சிட்டு வெளியிட்டார். அந்நூலின் பெயர் ‘எல் மாயெஸ்த்ரோ’. ‘ஆசிரியர்’ என்பது அதன் பொருள். அதில் கோடுகள் தந்திகளைக் குறித்தன. கோட்டின்மேல் இட்ட எண்கள் விரல் எங்கே ஊன்ற வேண்டும் என்பதைக் குறித்தன. இன்று கோலாலம்பூர் மாணவன் கைப்பேசித் திரையில் ‘டேப்’ என்று பார்த்துப் பழகும் குறியீடும் இவ்வகையினதே. புதுமை என்று கருதப்படுவது உண்மையில் ஐந்நூறாண்டுப் பழமையுடையது.

இன்று காணும் ஆறு தந்திக் கித்தாரின் உருவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரெஸ் என்னும் கருவித் தச்சர் செம்மைப்படுத்தினார். எஃகுத் தந்தி பூண்டு உரத்து ஒலிக்கும் வகை அமெரிக்காவில் வளர்ச்சியுற்றது. ராக் பாடகர் கையில் ஏறிய மரக் கித்தார் பெரிதும் இவ்வகையைச் சார்ந்தது.

கீழைக் கடற்கரைகளுக்கு இக்கருவிக் குடும்பத்தைக் கொணர்ந்தோர் போர்த்துக்கீசியர். அவர்கள் 1505ஆம் ஆண்டில் இலங்கையை அடைந்தனர்; 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றினர். வாளும் சிலுவையும் வந்த கப்பலில் நரம்பும் வந்தது. அவர்கள் வழியாக வந்த இசை இலங்கையில் ‘பைலா’ என்னும் ஆடற்பாட்டாகவும், மலாய்த் தீவுகளில் ‘குரோஞ்சோங்’ என்னும் மெல்லிசையாகவும் கிளைத்தது. ஜொகூர் மாநிலத்துக் கஸல் இசையில் ஆர்மோனியம், தபேலா, வயலின், காம்புஸ் ஆகியவற்றோடு கித்தாரும் அமர்ந்தது. இந்தியத் தபேலாவும் ஐரோப்பியக் கித்தாரும் மலாய்ப் பாட்டுக்கு ஒருங்கே துணைநின்ற காட்சி அது. ஆகவே, ராக் இசை வருமுன்பே மலாயாவில் கித்தார் வேரூன்றியிருந்தது என்க.

பிரிக்ஃபீல்ட்ஸ் என்னும் பேட்டை

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் தன் பெயரைச் செங்கற் சூளைகளிடமிருந்து பெற்றது. 1881ஆம் ஆண்டில் நெருப்பும் வெள்ளமும் மரக்குடில்களாலான பழைய ஊரை அழித்தபின், நகரைச் செங்கல்லால் எழுப்ப முனைந்தபோது சூளைகள் இங்கே பெருகின. பின்னர் இரயில்வேப் பணியாளர் குடியிருப்பாக இது வளர்ந்தது. தமிழகத்துத் தொழிலாளரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும், மலையாளிகளும் அண்டை வீட்டாராயினர். 1904ஆம் ஆண்டில் விவேகானந்த ஆசிரமம் தோன்றிற்று. கோயில்கள், விகாரை, தேவாலயங்கள், இளைஞர் கிறித்தவ சங்கம் ஆகியன ஒரே பேட்டையில் கூப்பிடு தொலைவில் நின்றன.

இத்தகைய ஊரில் ஓரிசை மற்றோரிசையைக் கேளாதிருத்தல் இயலாது. நாதசுரமும், தேவாலயப் பாட்டும், வானொலியும் ஒரே தெருவில் கலந்தன. 1962 முதல் 1965 வரை ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் அவரவர் தாய்மொழிக்கு இடமளித்தது. அதன்பின் கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றில் ஆர்கன் இருந்த இடத்தருகே கித்தாரும் நின்றது. ஞாயிறு காலையில் பாடகர் குழுவுக்காகப் பழகிய அதே விரல்கள் மாலையில் பீட்டில்ஸ் குழுவின் பாட்டைத் தேடின.

பிற்காலத்தில் முறையான இசைக்கல்விக்கும் இப்பேட்டையே இடந்தந்தது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981ஆம் ஆண்டில் தோற்றுவித்த நுண்கலை ஆலயம் இங்கே வீணையும் வயலினும் மிருதங்கமும் நடனமும் முறையாகக் கற்பிக்கும் நிலையமாக விளங்கி வருகிறது. குரு, பாடமுறை, அரங்கேற்றம் என்னும் ஒழுங்குகள் ஒருபுறம்; மாடிப்படியில் அமர்ந்து நண்பனின் விரலைப் பார்த்துப் பழகும் கித்தார்க் கல்வி மறுபுறம். இரண்டும் ஒரே ஊரில் வாழ்ந்தன.

குகிரான் காலம்

மலாயாவின் இளைஞரைக் கித்தாரின்பால் பெருந்திரளாக ஈர்த்தது 1960ஆம் ஆண்டுகளின் அலையாகும். ஷேடோஸ் என்னும் ஆங்கிலக் குழு 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அப்பாச்சி’ என்னும் இசைத்தட்டில் பாடகரே இல்லை, கித்தாரே பாடிற்று. கிளிஃப் ரிச்சர்டும் அக்குழுவினரும் 1961ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நேரில் தோன்றினர். மூன்று கித்தார்களும் ஒரு முரசுத் தொகுதியும் இருந்தால் ஒரு குழு அமைக்கலாம் என்பதை இளைஞர் கண்ணாற் கண்டனர். இக்குழுக்களுக்கு மலாய் மொழியில் ‘குகிரான்’ என்று பெயர் எழுந்தது. ‘கும்புலான் கித்தார் ரஞ்சாக்’, அதாவது துள்ளிசைக் கித்தார்க் குழு, என்னும் தொடரின் முதலெழுத்துகளால் ஆன சொல் அது.

1963ஆம் ஆண்டில் பீட்டில்ஸ் குழுவின் பாட்டொன்றில் மீண்டும் மீண்டும் ஒலித்த ‘யே யே’ என்னும் விளி, மலாய் மெல்லிசையின் ஒரு காலப்பகுதிக்கே ‘பாப் யே யே’ என்று பெயராயிற்று. 1964ஆம் ஆண்டில் எம். ஒஸ்மான் பாடிய ‘சூசானா’ அவ்வகையின் தொடக்கக்காலப் பாடல்களுள் புகழ்பெற்றது. ஆங்கிலப் பாட்டை அப்படியே பாடுவதில் தொடங்கி, அதே கித்தார் நடையில் தம் மொழியில் பாட்டுக் கட்டுவதில் மலாய் இளைஞர் விரைவாக முன்னேறினர். இப்படிநிலையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்; கீழே எழும் வினாவுக்கு இதுவே அடிப்படை.

இலவின் பெயர் பூண்ட கித்தார்

மின் கித்தாருக்கு ஒலிபெருக்கி வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பணம் வேண்டும். அண்டை வீட்டாரின் பொறுமையும் வேண்டும். அடுக்குமாடி வீட்டிலும் இரயில்வேக் குடியிருப்பிலும் இவை மூன்றும் அரியவை. ஆதலின் பெரும்பாலோர் மரக் கித்தாரையே நாடினர். மலேசியாவில் மலிவான மரக் கித்தாருக்குக் ‘கித்தார் கப்போக்’ என்று பெயர். கப்போக் என்பது இலவ மரத்தையும் அதன் பஞ்சையும் குறிக்கும் சொல். அம்மரத்தால் இக்கருவி செய்யப்படுவதில்லை. சீனத்துக் குவாங்சௌ நகரில் செய்யப்பெற்ற கித்தார்களுக்குச் ‘செவ்விலவு’ எனப் பொருள்படும் வணிகப் பெயர் உண்டு. செவ்விலவ மலர் அந்நகரின் மலராகும். உறையில் ‘கப்போக்’ என்று எழுதி வந்த அக்கருவியின் பெயரே எல்லா மலிவுக் கித்தார்களுக்கும் பொதுப்பெயராயிற்று என்பர். சங்கப் புலவர் செவ்விதழுக்கு உவமை கூறிய இலவ மலர் கோலாலம்பூர் மாடிப்படியில் ஒரு கித்தாரின் பெயராக வந்தமர்ந்தது வியப்பே.

இம்மலிவுக் கருவியில் தந்தி மெட்டிலிருந்து உயர்ந்து நிற்கும். அழுத்தினால் விரல்நுனி வெடிக்கும். மூன்று வாரம் வலி பொறுத்தவனுக்கு நுனியில் காய்ப்பு ஏறும். பொறாதவன் கருவியை அலமாரியின் மேல் வைத்துவிடுவான். சுட்டுவிரலை ஆறு தந்திகளின்மேலும் குறுக்கே கிடத்தி அழுத்த வேண்டிய ‘எஃப்’ என்னும் சுரக்கட்டே வாயிற்காவலன். அதைக் கடந்தவரே உள்ளே புகுந்தனர்.

1980ஆம் ஆண்டுகளில் மலாய் ராக் இசை பெருவெள்ளமாயிற்று. ‘சர்ச்’ குழுவின் ‘இசபெல்லா’ 1989ஆம் ஆண்டில் வெளிவந்து மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஒலித்தது. மாடிப்படிகளில் ஆங்கிலப் பாட்டோடு இதுவும் சேர்ந்தது. பின்னர் 1992ஆம் ஆண்டில், நீண்ட முடி வளர்த்த ராக் கலைஞர் அரசு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றலாகாது என்னும் தடை, தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் காலத்தில் விதிக்கப்பட்டது. சர்ச், விங்ஸ் ஆகிய குழுவினர் இறுதியில் முடி வெட்டிக்கொண்டனர். அதே 1992ஆம் ஆண்டில், எரிக் கிளாப்டன் தம் பழைய மின் கித்தார்ப் பாடல்களை மரக் கித்தாரில் அமைதியாக வாசித்த ‘அன்பிளக்ட்’ இசைத்தொகுப்பு உலகெங்கும் பரவியது. மேடைக்குத் தடை விதிக்கலாம். மாடிப்படிக்குத் தடை விதிக்க இயலாது. மரக் கித்தார் அங்கே தொடர்ந்து ஒலித்தது.

செவிவழிக் கல்வி

இனி, கற்ற முறையைக் காண்போம். ஒருவரிடம் இசைத்தட்டு அல்லது ஒலிநாடா இருக்கும். மற்றொருவரிடம் கித்தார் இருக்கும். நாடாவை ஓட்டுவர், நிறுத்துவர், பின்னோக்கிச் சுற்றுவர். ஒரு வரி பிடிபடும் வரையில் பத்துமுறை, இருபதுமுறை கேட்பர். முதலில் அடித்தந்தியின் சுரத்தைக் கண்டுபிடிப்பர். அது கிடைத்தால் சுரக்கட்டின் பெயர் தெரியும். பிறகு மேலே மூன்றாம் சுரம் இன்பமாக நிற்கிறதா, சோகமாக நிற்கிறதா என்று செவியால் ஆராய்வர். பாட்டு வரிகளுக்கு மேல் சுரக்கட்டின் பெயர் அச்சிட்ட சிறு பாட்டுப் புத்தகங்களும் கிடைத்தன. ஆனால் அவற்றிற் பிழைகள் மலிந்திருக்கும். செவியே இறுதி நடுவர்.

இதனைத் தமிழிசைக் கலைச்சொற்களால் விளக்குதல் எளிது. கித்தாரின் தடித்த தந்தியைக் குரல் என்று கொண்டால், அடுத்த தந்தி அதற்கு உழையாக நிற்கும். இவ்வாறே ஒவ்வொரு தந்தியும் முந்தியதற்கு உழையாகச் செல்லும்; மெல்லிய பக்கத்திலிருந்து எண்ண, மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் இடையே மட்டும் கைக்கிளை உறவு அமையும். குரல், கைக்கிளை, இளி ஆகிய மூன்றையும் ஒருங்கே ஒலித்தால் மேனாட்டார் ‘மேஜர்’ என்னும் சுரக்கட்டுப் பிறக்கும். கைக்கிளையை மட்டும் ஒரு மெட்டுக் கீழிறக்கினால் அதுவே ‘மைனர்’ என்னும் சோகச் சாயலைப் பெறும். ஒரே ஒரு விரலின் அசைவு களிப்பைத் துயராக்கும் இவ்விந்தையைத் தான் கண்டறிந்த நாளை எந்தக் கித்தார் மாணவனும் மறப்பதில்லை.

‘மெட்டு’ என்னும் சொல்லும் ஈண்டு நினைக்கத் தக்கது. வீணைத் தண்டின்மேல் விரல் ஊன்றும் பித்தளைக் கட்டைக்கு மெட்டு என்று பெயர். பாட்டின் இசையமைப்புக்கும் மெட்டு என்றே பெயர். தஞ்சை வீணையில் 24 மெட்டுகள் உள்ளன. ஒரு தானத்துக்குப் பன்னிரண்டு. கித்தாரிலும் ஒரு தானத்துக்குப் பன்னிரண்டே. ஆதலின் வீணை தெரிந்தவர்க்குக் கித்தார் முற்றிலும் அயற்கருவி அன்று. யாழோ இவ்விரண்டினும் வேறுபட்டது. அதில் ஒரு நரம்பு ஒரு சுரத்துக்கே உரியது. வழக்கொழிந்த அக்கருவியைச் சிலப்பதிகாரம் முதலிய நூல்களின் துணையால் மீண்டும் ஆராய்ந்து, சுவாமி விபுலாநந்தர் 1947ஆம் ஆண்டில் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். வாய்மொழியாக வந்த கலை, வாய்கள் மூடியபின் எத்துணை உழைப்பால் மீட்கப்பட வேண்டியுள்ளது என்பதற்கு அந்நூலே சான்று.

இளைஞர் பயின்ற பாடல்கள் சிலவற்றை நோக்கினால் அக்கல்வியின் ஆழம் புலப்படும். ‘அனிமல்ஸ்’ குழுவினர் 1964ஆம் ஆண்டில் பாடிய ‘தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’ பலர்க்கு முதற்பாடம். ஆறெண்ணிக்கை நடையில் தந்திகளை ஒவ்வொன்றாகத் தெறித்து வாசிக்கப் பழக்குவது அது. இன்னார் இயற்றினார் என்று அறியப்படாத அமெரிக்க நாட்டுப்பாடல் அது. அந்நாட்டிலும் செவிவழியாகவே வந்தது. செவிவழி வந்த பாட்டைக் கோலாலம்பூர் இளைஞனும் செவிவழியே கற்றான்.

‘ஈகிள்ஸ்’ குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ 1976ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த தொகுப்பிலுள்ளது. எட்டுப் படிகளில் ஏழு சுரக்கட்டுகள் சுழன்று வருவது அதன் அமைப்பு. முதலிரு படிகளே சுட்டுவிரலைக் குறுக்கே கிடத்தி வாசிக்க வேண்டியவை. இரண்டாம் மெட்டில் ‘கேப்போ’ என்னும் பிடியைப் பூட்டினால் கைவேலை எளிதாகும் என்பது நண்பர் வழியாகக் கிட்டும் இரகசியங்களுள் ஒன்று. பாட்டின் இறுதியில் இரு கித்தார்கள் மாறிமாறி உரையாடும்; ஒற்றை மரக் கித்தாரில் அது அடங்காது. இரண்டு நண்பர் இருந்தால் பங்கிட்டுக் கொள்வர். ஒருவரே இருந்தால் வாயால் முணுமுணுத்து நிறைவு செய்வார்.

இங்கேதான் மரக் கித்தாரின் கல்விப் பயன் வெளிப்படுகிறது. முழுக் குழு வாசித்ததை ஒரு கருவிக்குள் அடக்க வேண்டுமாயின், பாட்டில் எது எலும்பு, எது சதை, எது அணிகலன் என்று பிரித்தறிய வேண்டும். கட்டைவிரல் அடித்தந்தியில் ‘பேஸ்’ கருவியின் வேலையைச் செய்யும். மணிக்கட்டின் வீச்சு முரசின் வேலையைச் செய்யும். மிஞ்சிய விரல்கள் பாட்டைச் சுமக்கும். நீண்ட உரையைச் சுருக்கி எழுதும் மாணவன் பொருளை உணர்ந்தாலன்றிச் சுருக்க இயலாது. கித்தார் மாணவன் செய்ததும் அத்தகைய சுருக்கமே.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. ஒருவர் தவறாகக் கேட்ட சுரம் அத்தெரு முழுவதும் பரவிவிடும். ஆங்கிலச் சொற்களைப் பொருளறியாது ஒலியளவில் பாடியோர் பலர். ஏன் இச்சுரக்கட்டுக்குப் பின் அச்சுரக்கட்டு வருகிறது என்று கேட்டால் விடைகூற அறியார். ஆயினும், கேட்டலைக் கல்வியாகக் கருதாமல் விடுதல் தமிழ் மரபன்று. திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஓதுவாரும் நாதசுரக்காரரும் கூத்தரும் தலைமுறை தலைமுறையாகச் செவியாற் கற்றனர். கருவியும் பாட்டும் அயல்நாட்டின. கற்ற முறை நம்மவர்க்குப் பழகியதே.

பிரிக்ஃபீல்ட்ஸ் இதற்கு மற்றொரு சான்றும் தருகிறது. 1951ஆம் ஆண்டில் அமைந்த மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் நிலையம் அங்குள்ளமையால், பார்வையற்றோர் பலர் அப்பேட்டையில் வாழ்ந்தும் தொழில் செய்தும் வருகின்றனர். தலைநகரின் நடைபாதைகளில் கித்தார் மீட்டிப் பாடும் இசைஞருள் பார்வையற்றோர் குறிப்பிடத்தக்கவர். நண்பன் விரலைப் பார்த்துக் கற்கும் வாய்ப்பும் அவர்க்கில்லை. செவியும் விரலுணர்வுமே ஆசான்கள். விரைந்து செல்லும் பயணிகள் ஒருகணம் நின்று கேட்கும் பாட்டில், பல நாள் தனித்திருந்து கேட்டுக் கேட்டுத் திருத்திய உழைப்பு அடங்கியுள்ளது.

தமிழர் கை, பிறமொழிப் பாட்டு

இக்கல்வியால் தமிழர் எய்திய உயரத்துக்குச் சான்றுகள் உள. பினாங்கில் பிறந்த ‘அல்லிகேட்ஸ்’ குழுவின் முன்னணியில் நின்றோர் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார். அவர்கள் 1970ஆம் ஆண்டுகளில் ஹாங்காங் நகரின் கேளிக்கை விடுதிகளில் மேனாட்டுப் பாடல்களை இசைத்துத் தேர்ந்தனர். பின்னர்த் தாயகம் திரும்பி மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழெய்தினர். லோகநாதன் 2007ஆம் ஆண்டில் மறைந்தபோது, இன வேறுபாடின்றி மலேசியர் பலர் துயருற்றனர். மலாய் மெல்லிசையின் அழியாக் குரல்களுள் ஒன்று தமிழன் குரல் என்பது பெருமைக்குரியது.

மரக் கித்தார்க் கலையில் மலேசிய மண்ணிலிருந்து எழுந்து சிங்கப்பூரில் வாழ்ந்த பால் பொன்னுதுரை தனியிடம் பெற்றவர். பிறர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களையே எடுத்துக்கொண்டு, ஒரு கித்தாரும் ஒரு குரலுமாக, நடையையும் சுரக்கட்டுகளையும் மாற்றிப் புதுப்பாட்டாக்கும் ஆற்றல் அவர்க்கிருந்தது. 2012ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். பிறர் பாட்டைப் பயில்தல் வெறும் போலச்செய்தல் என்போர்க்கு அவர் கலையே விடை.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. மலாய் இளைஞர் ஆங்கிலக் கித்தார்ப் பாட்டைக் கற்றுச் சில ஆண்டுகளில் தம் மொழியில் பாட்டுக் கட்டினர். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரிடையே கித்தாரோடு பிறந்த தமிழ்ப் பாட்டு ஏன் அவ்வாறு பெருவழக்காகவில்லை?

இலங்கையை ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். அங்கும் போர்த்துக்கீசியர் வழிவந்த இசையே கித்தாரைப் பரப்பிற்று. அங்கோ 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ போன்ற பாடல்களைத் தமிழில் பாடினார். ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’ பாடிக் கடல் கடந்து தமிழகத்திலும் புகழ்பெற்றார். யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சும் கேலியும் அப்படியே பாட்டாயின. பொப் இசை, துள்ளிசை என்று அதற்குப் பெயரும் உண்டாயிற்று.

கோலாலம்பூரில் நிலை வேறு. கித்தார் பயின்றோர் பெரும்பாலும் நகரத்து ஆங்கிலப் பள்ளிகளிற் பயின்றோர். தமிழ்ப் பாட்டை விரும்பிக் கேட்டோர் பெரும்பாலும் தோட்டத்தில் இருந்தோர். கருவி ஓரிடத்தும் செவி ஓரிடத்துமாக நின்றன. விடுதிகளில் ஊதியம் ஆங்கிலப் பாட்டுக்குக் கிட்டிற்று. இசைத்தட்டு நிறுவனங்களின் சந்தை மலாய்ப் பாட்டுக்கு இருந்தது. தமிழ்ப் பாட்டோ சென்னைத் திரையுலகிலிருந்து முழுமை பெற்றதாகவே வந்திறங்கியது. உள்ளூர் இன்னிசைக் குழுக்களும் திரைப்பாடல்களையே மேடையேற்றின. ஆக்கப்பட்ட உணவு நாள்தோறும் வாயிலுக்கு வரும்போது அடுப்பு மூட்டுவோர் அருகுவது இயல்பு. தமிழில் பாடவேண்டும் என்று உறுதிகொண்டவர் சென்னைக்கே செல்லவேண்டியிருந்தது. மலேசியா வாசுதேவன் அவ்வாறு சென்று, 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ‘16 வயதினிலே’ முதலாகத் தமிழ்த் திரையில் நிலைபெற்றார்.

அச்சென்னைத் திரையிசையே கித்தார்க்கு ஒரு தமிழ்ப் பிறவியும் தந்தது. தாமே கித்தார் வாசித்துத் தொழில் பழகிய இளையராஜா 1976ஆம் ஆண்டில் ‘அன்னக்கிளி’ வாயிலாக அறிமுகமானார். ‘மூடுபனி’ திரைப்படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’ 1980ஆம் ஆண்டிலும், ‘பயணங்கள் முடிவதில்லை’ திரைப்படத்தின் ‘இளைய நிலா’ 1982ஆம் ஆண்டிலும் கித்தாரை முன்னிறுத்தி வந்தன. மேனாட்டு ராக் பாட்டைக் கேட்டுக் கேட்டு விரல் பழகியோர்க்கு இவை உறவினர் போல் தோன்றின. மாடிப்படிக் கித்தாரில் முதன்முதலாகத் தமிழ் இயல்பாக வந்து அமர்ந்தது இப்பாடல்களாலேயே எனலாம்.

மலேசியத் தமிழர் தமக்கென ஒரு புதுவகை இசையைத் தமிழில் ஆக்க வல்லவர் என்பதும் பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது. யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு தமிழ்ச் சொல்லிசையைக் கோலாலம்பூரிலிருந்து தமிழகத்துக்கே அனுப்பியது. அங்கே தாளமும் சொல்லும் முன்னின்றன; கித்தார் முன்னிற்கவில்லை. எனினும், சரக்கு வரும் துறையாக மட்டும் இருந்த ஊர், சரக்கு அனுப்பும் துறையுமாகலாம் என்பதை அது உணர்த்திற்று.

ஆசிரியர் செய்யத்தக்கது

பிரிக்ஃபீல்ட்ஸ் இன்று மாறிவிட்டது. பழைய இரயில் முற்றம் இருந்த இடத்தில் 2001ஆம் ஆண்டில் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் பேட்டை ‘லிட்டில் இந்தியா’ என்று அறிவிக்கப்பட்டது. ஒலிநாடாவைப் பின்னோக்கிச் சுற்றிய காலம் போய், ஒரு பாட்டுக்கு நூறு பாடக்காட்சிகள் கைப்பேசியிற் கிடைக்கின்றன. கற்றல் எளிதாயிற்று. ஆனால், விடை முன்னமே எழுதிவைக்கப்பட்ட கணக்கைப் பார்த்தெழுதும் மாணவனைப் போல, செவியால் தேடிக் கண்டடையும் பயிற்சி குறைகிறது. இழப்பு அங்கேதான் உள்ளது.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு பணியுண்டு. கித்தாரும் கையுமாக வரும் மாணவனை வழிதவறியவன் என்று ஒதுக்குதல் எளிது. அவன் சுரக்கட்டுகளைக் குரல், கைக்கிளை, இளி என்று பெயரிட்டு அறிமுகப்படுத்துதல் அதனினும் பயனுடையது. ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வை எட்டுப் படிகளாகப் பிரித்தறிந்த செவிக்கு, ஆசிரியப்பாவின் சீர்களையும் சிந்தின் நடையையும் பிரித்தறிதல் அரிதன்று. பாட்டின் எலும்பைக் கண்டவன் தன் மொழியில் புதிய உடல் ஒன்றை அதன்மேல் எழுப்பக் கூடும். தன் தெருவையும், தன் தந்தை சீவிய கித்தா மரத்தையும், தன் தாய் ஏறிய இரயிலையும் அவன் தமிழிற் பாடினால், அதற்குக் கித்தார் தடைசொல்லப் போவதில்லை.

இலவு காத்த கிளி பழமொழி அறியாத தமிழர் இலர். காய் கனியும் என்று காத்திருந்த கிளிக்குப் பஞ்சு பறந்ததே கண்ட பயன். இலவின் பெயர் பூண்ட இந்த எளிய கித்தார் அறுபதாண்டுகளாகத் தமிழர் மடியில் இருந்து வருகிறது. அதிலிருந்து தமிழ்ப் பாட்டு வரும் என்று காத்திருப்போர் கிளியாக முடியாதிருக்க வேண்டுமாயின், கற்பிப்போர் அம்மாணவனிடம் முதலில் கேட்கவேண்டியது ஒன்றே: “நீ வாசிப்பதை நாங்களும் கேட்கலாமா?”